வாடகைக் கார்

சாவி தருமுன் யாய்ஸா என்ற பெண்
வரைபடம் விரித்து எங்களுக்குத் தீவைச் சொல்லித்தந்தாள்.
பச்சைப் பேனாவில் மூன்று வட்டம்.
இது கலங்கரை விளக்கம். இது உப்பளம்.
இது (பேனா ஒரு நொடி நின்றது)
எரிமலை, புதுசு.
லா பால்மாவுக்கு முதல் தடவையா?
எச்செதே என்னைப் பார்க்காமல்
ஆமாம் என்றான்.
மூன்று வருடத்தில் எங்கள் பேச்சில்
தெனெரிஃபே கொஞ்சம் ஏறியிருக்க வேண்டும்.
நம்பிவிட்டாள்.

எங்களுக்கும் இங்கே ஒரு கார் உண்டு.
நீலம். இடப்பக்கப் பின்கண்ணாடி இறங்காது.
டிக்கியில் ஃபெர்மினிடம் இரவல் வாங்கிய
துளைபோடும் எந்திரம், அரை மூட்டை உருளைக்கிழங்கு.
மேலே பதினெட்டு மீட்டர் கல்.

கிளம்பக் கால்மணி நேரம் கொடுத்தார்கள் அன்று.
அதில் பன்னிரண்டு நிமிடம்
கார்ச்சாவிக்குச் சண்டை போட்டோம்.
நீதான் வைத்தாய்.
இல்லை, நீ.
கடைசியில் அவன் தம்பியின் ட்ரக்கில்
பூனையோடும் மிக்சியோடும் ஏறினோம்.
ஏன் மிக்சி என்று இன்றுவரை தெரியாது.

இப்போது மலைமுகட்டைத் தாண்டி மேகம் வழிகிறது
அடுப்பணைக்க ஆளில்லாத பால்போல.
பைன் மரங்கள் அடியிலிருந்து நுனிவரை கரி.
கிளைக்கெல்லாம் காத்திராமல்
இடுப்பிலிருந்தே தளிர்த்திருக்கின்றன.
நான் வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறேன்.
வலமா இடமா என்று கேட்கிறான்.
இடம் என்கிறேன்.
வலமே திருப்புகிறான், சரியாக.

டெல்ஃபினாவின் கடையில்
வெளியூர்க்காரர்கள்போல் ஓர மேசையில் உட்கார்ந்தோம்.
அவளும் எங்களைத் தெரியாதவள்போலவே வந்தாள்,
விலைப்பட்டியல் வைத்தாள், போனாள்.
காப்பி வந்தபோது
அவன் தட்டில் கேட்காமலேயே மூன்று சர்க்கரை.

லாவாவின் மேல் போட்ட சாலையில்
நிறுத்தாதீர் என்று பலகை.
இருபுறமும் உழுது விட்டுப்போன இருட்டு.
ஒரு தண்ணீர்த் தொட்டியின் தலை மட்டும் வெளியே.
வழிகாட்டும் கருவி பழைய தெருக்களையே நம்பிக்கொண்டிருந்தது:
நூறு மீட்டரில் இடப்புறம் திரும்பவும்.
மருந்துக்கடை, என்றேன்.
ம், என்றான்.
பிறகு யாரும் எதுவும் சொல்லவில்லை.
கார் மட்டும் இரண்டாம் கியருக்கு இறங்கியது.
பின்னாலிருந்த வேன் ஹாரன் அடித்தது.
இடப்புறம் திரும்பவும்.
இடப்புறம் திரும்பவும்.
அவன் கைநீட்டி அதை அணைக்கவில்லை,
நானும்.

கடலோரம் புது நிலம்.
தீவு பெரிதாகிவிட்டதாம்,
யார் பேரில் எழுதுவதென்று
இன்னும் முடிவாகவில்லையாம்.
ஒரு ஜெர்மன் தம்பதி எங்களிடம் கைபேசியைத் தந்து
படமெடுக்கச் சொன்னார்கள்.
எச்செதே மண்டியிட்டு, நகர்ந்து,
எரிமலை முழுதும் விழும்படி
ஏழு படம் எடுத்துக்கொடுத்தான்.
நன்றாக இருக்கிறது உங்கள் தீவு, என்றாள் அந்தப் பெண்.
எப்படிக் கண்டுபிடித்தாளோ.

மாலை ஆறுக்குக் காரைத் திருப்பித் தந்தோம்.
யாய்ஸா டார்ச் அடித்துக் கீறல் தேடினாள்.
மிதியடியில் கரிமணல். இருபது யூரோ.
தந்தோம்.
சாவி?
பைக்குள் கைவிட்டு
வந்ததை எடுத்து மேசையில் வைத்தேன்.

இது எங்களுடையது இல்லையே, என்றாள்.

தெனெரிஃபே போய்ச் சேர்ந்த முதல் குளிர்காலத்தில்
என் கோட்டின் கிழிந்த உள்தையலுக்குள் கிடைத்தது.
சொல்ல ஒரு நல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அவன் அதைக் கையில் எடுத்தான்.
வளையத்தில் நசுங்கிய அந்தச் சின்ன மணியை
பெருவிரலால் ஒருமுறை உருட்டினான்.
அன்றைய பன்னிரண்டு நிமிடமும்
திரும்ப வரப்போகிறதென்று நினைத்தேன்.

இன்னொரு வண்டியா, என்றாள் யாய்ஸா.
எங்கே நிறுத்தியிருக்கிறீர்கள்?

பச்சைப் பேனாவைக் கேட்டு வாங்கினான்.
வரைபடத்தில் சாம்பல் நிறமாய் விட்டிருந்த இடத்தில்
வெகுநேரம் தேடி
ஒரு புள்ளி வைத்தான்.

எடுக்கும்போது பார்த்து,
என்றான் அவளிடம்,
இடப்பக்கப் பின்கண்ணாடி இறங்காது.